எங்கள் தெருச் சுவர்களைத் துடைத்த பணி: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

வேலூரை ஒட்டிய எங்கள் குடியிருப்பில், சுவர்க் கிறுக்கல்களையும் விளம்பர எழுத்துகளையும் சுவரொட்டிகளையும் அகற்றும் பணியை உள்ளாட்சி அலுவலகம் கடந்த ஆண்டு சித்திரையில் தொடங்கியது. குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், மனு கொடுத்த நாள் முதல் மூன்றாம் முறை ஆட்கள் வந்து போனது வரை உடனிருந்து பார்த்தவள் நான். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்தவள் என்பதால், எந்தச் சுவரில் எதை ஊற்றுகிறார்கள் என்று பார்க்காமல் என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. உணவகத்துக்கும் துணிக்கடைக்கும் மதிப்புரை எழுதுகிற நாம், வரி செலுத்திப் பெறுகிற சேவைக்கும் அதே அக்கறையோடு எழுத வேண்டும் என்று கருதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேகத்தில் இந்தப் பணி என் எதிர்பார்ப்பைத் தாண்டியது; எழுதியவரைத் தேடிப் பிடித்த விதம் பாராட்டுக்குரியது; ஆனால் எந்தச் சுவர் எதனால் ஆனது என்று அறிந்து கைவைப்பதில் பெருங்குறை இருந்தது, அந்தக் குறையால் சில சுவர்கள் கிறுக்கலோடு இருந்ததைவிட மோசமாயின.

பேருந்து நிறுத்தத்திலிருந்து ரேஷன் கடை வரை உள்ள எங்கள் தெருவில், கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்பவர்களின் கைப்பேசி எண்கள் அச்சுத்தகடு வைத்துத் தெளித்த நிலையில் 27 இடங்களில் இருந்தன. போர்வெல் போடுபவர், மூலத்துக்கு மருந்து தருபவர், வீட்டுமனை விற்பவர் ஆகியோரின் எழுத்துகள் தனி. அவற்றின் மேல் காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள். அடியில், பழைய தேர்தல்களின் சின்னங்கள். பள்ளிக்கூட மதிலின் பின்பக்கத்தில் மட்டும் பிள்ளைகள் கரியாலும் செங்கல் துண்டாலும் எழுதிய பெயர்கள் இருந்தன. அவை ஈரத் துணிக்கே போய்விட்டன என்பதால் அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டு நகரங்கள் போராடிய கிறுக்கல் வேறு வகையானது. நியூயார்க்கில் 1970களில் இளைஞர்கள் சுரங்க ரயில் பெட்டிகளில் தங்கள் புனைபெயர்களை எழுதினார்கள். அந்தப் பெயர் நகரெங்கும் ஓடிக்கொண்டிருப்பதே அவர்களுக்குப் பெருமையாக இருந்தது. 1984இல் தொடங்கிய திட்டத்தின்படி, ஒருமுறை சுத்தம் செய்த ரயிலில் மீண்டும் கிறுக்கல் விழுந்தால் அதை அழிக்கும்வரை அந்த ரயிலை ஓட்டுவதில்லை என்று நிர்வாகம் உறுதியாக நின்றது. எழுதியதைப் பார்க்க ஆளில்லாமல் போனதால் எழுதுகிற ஆசை குறைந்தது. 1989 மே மாதத்தில் கிறுக்கல் படிந்த கடைசி ரயிலும் ஓட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. நம் ஊரில் எழுதுபவர் நாடுவது பெருமையன்று, வாடிக்கையாளரை. ஆனாலும் அங்கே பலித்த பாடம் இங்கும் பொருந்துகிறது: எழுத்து ஒரு நாள்கூடச் சுவரில் தங்காது என்று தெரிந்தால், தகடும் வண்ணமும் வாங்கிச் செலவழிக்க எவரும் முன்வரமாட்டார்.

இந்த வகையில் எங்களுக்குக் கிடைத்த சேவை நன்றாகவே இருந்தது. திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனு கொடுத்தோம். ஒன்பதாம் நாள் ஒரு சிறிய சரக்கு வண்டியில் நான்கு பேர் வந்தார்கள். ஒயர் பிரஷ், பட்டித்தகடு, தின்னர், ஆசிட் புட்டிகள், நான்கு வாளி எமல்ஷன், பின்னால் ஒரு தண்ணீர் வண்டி. ஆவணியில் இரண்டாவது முறை சொன்னபோது இரண்டே நாளில் வந்தார்கள். தை மாதத்தில் மூன்றாம் முறை, புகைப்படம் அனுப்பிய மறுநாள் காலையிலேயே ஆள் வந்து நின்றார். இந்த வேகம் ஏன் முக்கியம் என்பதற்கு வேதியியல் காரணமும் உண்டு. இப்படி எண்களைத் தெளிக்கும் எனாமல் வண்ணம் காய்வது தண்ணீர் உலர்வது போன்றதன்று. அதிலுள்ள எண்ணெய் மூலக்கூறுகள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன, அந்த வலை நாளாக ஆக இறுகுகிறது. என் வீட்டு இரும்புக் கதவில் முந்தைய இரவு தெளித்த எண், தின்னர் நனைத்த துணியால் நான்கு தடவை துடைத்ததும் போயிற்று. ஓராண்டுக்கு முன் பக்கத்து வீட்டுக் கதவில் எழுதப்பட்ட எண்ணைச் சுரண்டியபோது கதவின் சொந்த வண்ணமும் சேர்ந்து பெயர்ந்து வந்தது.

சுவரொட்டிகளை அகற்றிய முறையில் முதல் நாள் தவறு நேர்ந்தது, ஆனால் அன்றே திருத்தப்பட்டது. காய்ந்து இறுகிய தாள்களைப் பட்டித்தகட்டால் உலர்ந்தபடியே சுரண்டத் தொடங்கினார்கள். தாளோடு சுவரின் பூச்சும் செதில் செதிலாக உதிர்ந்தது. ஒட்டியிருப்பது மைதாப் பசைதான், கஞ்சி காய்ந்த பாத்திரத்தை நாம் எப்படி ஊறவைக்கிறோமோ அப்படி ஊறவைத்தால் போதும் என்று சொன்னேன். எதிர்வீட்டு மருமகள் ஓர் அண்டா வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தார். கோணியை அதில் நனைத்துச் சுவரில் கால் மணி நேரம் சாத்தி வைத்தபின், ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததும் பதினான்கு அடுக்கு சுவரொட்டி மெத்தைபோல மொத்தமாகக் கழன்று விழுந்தது. அடியில் 2016ஆம் ஆண்டின் கோயில் திருவிழா அழைப்பு இருந்தது. "டீச்சர், இது நல்லாக்கீதே!" என்றார் அந்தக் குழுவில் மூத்தவர், அதன்பிறகு அவர் உலர்ந்த சுவரில் தகடு வைக்கவில்லை. மிஞ்சிய பசையையும் கழுவச் சொல்லி வற்புறுத்தினேன், ஏனென்றால் மாவுப்பொருள் தங்கிய இடத்தில் ஐப்பசி மழைக்குப் பூஞ்சை கறுப்பாகப் படரும். கழுவாமல் விட்ட ரேஷன் கடைச் சுவர் இன்றும் அந்தக் கறுப்போடுதான் நிற்கிறது.

கோடி வீட்டு மதிலுக்கு நேர்ந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அது எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்புச் சுவர் அடிமண்ணின் ஈரத்தை உள்ளே வாங்கி வெயிலில் மெல்ல வெளியே விட்டுவிடும். அதனால்தான் அது இத்தனை காலம் நிற்கிறது. வந்தவர்கள் முதலில் ஆசிட் கலந்த தண்ணீரால் எழுத்தைத் தேய்த்தார்கள். சுண்ணாம்பின் மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் என்ன ஆகும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம்: நுரைத்துப் பொங்கிக் கரையும். எழுத்து போவதற்கு முன் சுவர் போயிற்று. பிறகு போர் தண்ணீரால் கழுவினார்கள். பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீர் கெட்ட கதை 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது நம் மாவட்டத்தார் அறிந்ததே; அந்த உப்பு நீர் பூச்சுக்குள் இறங்கியது. கடைசியாக, சித்திரை வெயிலில் தொட்டால் கை சுடும் உச்சிப் பொழுதில், அதன் மேல் எமல்ஷனை அடித்தார்கள். சூடான சுவரில் எமல்ஷன் சீராகப் படலமாவதற்குள் காய்ந்துவிடும். படலமான இடத்திலோ உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபடும். கார்த்திகைக்குள் அந்த வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அதன் பின்னால் உப்புப் பூத்து, கைப்பட்டால் மாவாக உதிர்ந்தது. இரண்டு கோட்டு சுண்ணாம்பு அடித்திருந்தால் எழுத்து மறைந்திருக்கும், சுவரும் பிழைத்திருக்கும், செலவும் குறைந்திருக்கும்.

தெருமுனையில் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. நட்ட கருங்கல் இரண்டு, குறுக்கே ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு நடந்து வருபவர், இறக்கிவிட ஆளைத் தேடாமல் தாமே சுமையை அதன் மேல் தள்ளி இளைப்பாறும் உயரம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது நம் பக்கத்து வழக்கம். இந்தக் கல்லிலும் ஒரு பெண்ணின் பெயரும் தமிழ் ஆண்டின் பெயரும் உளியால் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்துகளின் மேலேயே ஆரஞ்சு வண்ணத்தில் ஒருவர் தம் எண்ணைத் தெளித்திருந்தார். குழுவில் இளையவர் ஒயர் பிரஷை எடுத்துக்கொண்டு, "இன்னா டீச்சர், ரெண்டு இழுப்பு இழுத்தா போயிடும்" என்று தொடங்கிவிட்டார். நான் ஓடிப் போய்த் தடுப்பதற்குள் இரண்டு இழுப்பு இழுத்திருந்தார். வண்ணம் போகவில்லை, கல்லின் மேல்தோல் போய் இரண்டு வெளிறிய கோடுகள் விழுந்தன, அவற்றுள் ஒன்று அந்தப் பெண்ணின் பெயரின் கடைசி எழுத்தைத் தொட்டுச் சென்றது. மழைக்காலம் முடிந்தபின் பார்த்தால், அந்தக் கோடுகளில் மிளகு தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகள். கம்பியின் இரும்புத் துகள்கள் கல்லின் நுண்துளைகளில் தங்கித் துருப்பிடித்துவிட்டன. அந்த இளைஞர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட கருவி அது ஒன்றுதான், இது எப்படிப்பட்ட கல் என்று எவரும் அவருக்குச் சொல்லவும் இல்லை.

ஆவணியில் அவர்கள் மீண்டும் வந்தபோது அந்த எண்ணை வேறு முறையில் எடுத்தோம். கல்லின் மேல் தின்னரை நேரடியாக ஊற்றினால் வண்ணம் கரைந்து துளைகளுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். ஆகவே காகிதக் கூழையும் முல்தானி மிட்டியையும் தின்னரில் பிசைந்து களிம்பாக்கி, முதலில் கல்லின் பின்பக்கத்தில் ஓர் அங்குல இடத்தில் பூசிச் சோதித்தோம். பாதகமில்லை என்று தெரிந்ததும் எண்ணின் மேல் விரல் தடிமனுக்கு அப்பி, பாலித்தீன் தாளால் ஒரு மணி நேரம் மூடி, பிறகு திறந்து காயவிட்டோம். காய்கிறபோது களிம்பு, கரைந்த வண்ணத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. தாஜ்மகாலின் பளிங்கில் படிந்த மஞ்சளை எடுக்கத் தொல்லியல் துறை பூசும் முல்தானி மிட்டிப் பூச்சுக்கும் அடிப்படை இதுவே. கையுறை இல்லாமல் இதைச் செய்யக் கூடாது, பக்கத்தில் எவரும் பீடி பற்றவைக்கக் கூடாது. மூன்று முறை பூசியபின் ஆரஞ்சு வண்ணம் ஏறக்குறைய முழுவதும் போயிற்று. ஒயர் பிரஷ் கோடுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு மருந்து இல்லை.

வேலூருக்கு நடுவில் 16ஆம் நூற்றாண்டுக் கருங்கல் கோட்டையை வைத்துக்கொண்டு, கல்லைக் கையாளும் பயிற்சி இல்லாத ஆட்களைத் தெருவுக்கு அனுப்புவது எனக்கு வியப்பாக இருக்கிறது. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் இடம் தருகின்றன. தெருமுனைச் சுமைதாங்கிக்கும் கிராமத்து நடுகல்லுக்கும் அத்தகைய காவல் இல்லை. அவற்றைத் துடைக்க வரும் கைதான் அவற்றுக்குக் காவலாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

இனி, இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். நம் சுவரில் எழுதுபவர் புனைபெயருக்குள் ஒளிவதில்லை, பத்து இலக்க எண்ணைத் தாமே எழுதிவைத்துவிட்டுப் போகிறார். அந்த 27 எழுத்துகளும் ஐந்தே எண்களுக்கு உரியவை என்று நாங்கள் பட்டியலிட்டுக் கொடுத்தோம். அலுவலகத்தில் இருந்த ஓர் ஊழியர் ஐந்து பேரையும் அழைத்து, புகைப்படங்களைக் காட்டி, எழுதியதை அவரவரே அழிக்க வேண்டும் என்று சொன்னார். திறந்தவெளி இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959இலேயே வந்துவிட்டது என்பதை அவர் எடுத்துச் சொன்னபோது அவர்களில் எவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. இருவர் தங்கள் செலவில் வண்ணம் வாங்கி ஆள் வைத்து அழித்தார்கள். அந்த இரண்டு எண்களும் இன்றுவரை எங்கள் தெருவில் மீண்டும் தென்படவில்லை. வாளி வாளியாக எமல்ஷன் செய்யாததை ஐந்து தொலைபேசி அழைப்புகள் செய்தன.

மனம் வைத்தால் எவ்வளவு விரைவாக முடியும் என்பதைத் தேர்தல் காலத்தில் எல்லோரும் பார்க்கிறோம். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் அரசுக் கட்டடங்களில் உள்ள எழுத்துகளை 24 மணி நேரத்திலும், பொது இடங்களில் உள்ளவற்றை 48 மணி நேரத்திலும், தனியார் சுவர்களில் அனுமதியின்றி எழுதியவற்றை 72 மணி நேரத்திலும் நீக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. 2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்ட சில நாள்களில் எங்கள் பகுதிச் சுவர்கள் வெளுத்துவிட்டன. ஆனால் அது தண்ணீராக அடித்த ஒற்றைப் பூச்சு. அடுத்த மழைக்கு அது கரைந்து, பழைய சின்னங்கள் மீண்டும் எட்டிப் பார்த்தன.

தடுப்பு நடவடிக்கையாகப் பள்ளி மதிலிலும் பூங்கா மதிலிலும் ஓவியங்கள் வரையப்பட்டன. கிறுக்கலுக்கு ஓவியத்தால் விடை தருவது பல நகரங்கள் கண்ட வழிதான். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1984இல் கிறுக்கல் தடுப்புக்காகத் தொடங்கிய அமைப்பு, எழுதிய இளைஞர்களையே சுவரோவியம் வரைய அழைத்துக்கொண்டது; சென்னை கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்கள் 2020இல் ஓவியங்களால் நிறைந்தன. எங்கள் மதிலில் வள்ளுவர், பாரதியார், கோட்டை, மயில், மரங்கள் என்று வரைந்தார்கள். ஓராண்டாகக் கவனித்து வருகிறேன்: வள்ளுவர்மீதும் பாரதியார்மீதும் இதுவரை ஒரு தாளும் ஒட்டப்படவில்லை, மயிலின்மீது நான்கு முறை ஒட்டப்பட்டது. முகம் இருக்கும் இடத்தில் கை தயங்குகிறது. அடுத்த முறை வரைபவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. ஒட்டியதை உடனே எடுக்காவிட்டால் அதன் விளைவு சுவரோடு நிற்பதும் இல்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடத்திய சோதனை முடிவுகள் 2008இல் வெளியாயின. நிறுத்தி வைத்த மிதிவண்டிகளின் கைப்பிடியில் துண்டுத்தாள் கட்டிவைத்து, வந்தவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். எதிரே இருந்த சுவர் சுத்தமாக இருந்தபோது 100க்கு 33 பேரும், அதே சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 பேரும் தாளைத் தரையில் போட்டார்கள். பூங்கா மதிலின் மயில்மேல் தாள் ஒட்டிய வாரங்களில் அதன் அடியில் குப்பை சேர்ந்ததை நானே பார்த்தேன்.

ஓவியத்தைவிட எங்களுக்குத் தேவைப்பட்டது அறிவிப்புப் பலகை. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைக் குப்பை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் கணவர் மறைந்தபோது அவருடைய நண்பர்கள் ஒட்டிய தாளைப் பேருந்திலிருந்து பார்த்துத்தான் அவருடைய பழைய மாணவர்கள் பலர் இறங்கி வந்தார்கள். சாவுச் செய்தி ஊருக்குத் தெரிய ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுக்காமல் ஒட்டாதே என்று மட்டும் எழுதிவைத்தால், அந்த எழுத்தின் மேலேயே ஒட்டுவார்கள். பேருந்து நிறுத்தத்தின் அருகே எட்டடிக்கு நான்கடி தகரப் பலகை ஒன்று மார்கழியில் வைக்கப்பட்டது. அஞ்சலிகளும் விழா அழைப்புகளும் பெரும்பாலும் இப்போது அங்கேயே போகின்றன. ஆனால் பழைய தாள்களை வாரந்தோறும் எடுக்க ஆள் குறிக்கப்படவில்லை. சங்கத்தின் சார்பில் நாங்களே எடுக்கிறோம்.

எங்களிடம் கட்டணம் எதுவும் கேட்கப்படவில்லை. மனு கொடுப்பவர்கள் தெருவின் பெயர், ஒவ்வோர் எழுத்தின் புகைப்படம், அதிலுள்ள கைப்பேசி எண் ஆகியவற்றோடு, அந்தச் சுவர் சிமெண்டா, சுண்ணாம்பா, கருங்கல்லா என்பதையும் எழுதிக் கொடுப்பது அவசியம். ஆட்கள் வரும்போது வீட்டில் ஒருவர் உடன் நிற்க வேண்டும். காலை பத்து மணிக்குள் வரச் சொல்லிக் கேளுங்கள். பழைய கல் எதுவாக இருந்தாலும் ஆசிட்டையும் ஒயர் பிரஷையும் அனுமதிக்காதீர்கள். கல்லின் நிறத்தில் வண்ணம் அடித்து மறைக்கிறோம் என்று சொன்னாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். தை மாதத்தில் வந்தபோது மூத்தவர் வண்டியிலிருந்து இறங்கியதும் சுவரை நகத்தால் சுரண்டி, விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்து, "இது சுண்ணாம்புதான டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் வாளியைத் திறந்தார், அதற்காக இன்னும் அரை மதிப்பெண் சேர்க்கிறேன். கோடி வீட்டு மதிலின் கெட்ட பூச்சைக் கொத்தி எடுத்து மீண்டும் சுண்ணாம்பு பூச வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். மதிப்பீடு எடுக்க ஒருவர் வந்து அளந்துகொண்டு போயிருக்கிறார், வேலை இன்னும் தொடங்கவில்லை.